தூக்கிய கையும் தூங்கிய தசையும்

காலையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தபோது கைபேசி முனகியது. நான் வேலை பார்த்த பிசியோதெரபிப் பிரிவில் இப்போது மூத்தவளாக இருக்கும் நிலானி ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். வீடியோவில் ஒரு மனிதர் கையை மெல்ல மெல்லத் தோள் உயரத்துக்குத் தூக்குகிறார். கீழே எழுதியிருந்தாள்: "மிஸ், நல்ல முன்னேற்றம்தானே?"

"தொட்டுப் பாத்தியா?" என்று பதில் போட்டேன்.

"இல்ல மிஸ், அவர் வாகரையில இருக்கார். வீடியோவிலதான் பாக்கிறம். இப்ப இப்பிடித்தான்."

இப்ப இப்பிடித்தானாம்! எனக்கு வந்த கோபத்தில் தேங்காய்ப் பாதியோடு வளவுக்குள் இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டேன். கிணற்றடிக்குப் போனேன், திரும்பினேன், மறுபடியும் போனேன். விறாந்தையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த என் கணவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "தொடங்கிற்றா. பென்ஷன் எடுத்தும் ஆக்கள்ர தோள விடமாட்டா."

விடமாட்டேன்தான். பிரிவு வெளியிடும் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி பிள்ளைகள் பலநாளாக நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். "சிரிக்கச் சிரிக்க எழுதுங்க மிஸ்" என்று கட்டளை வேறு. சிரிப்பு வந்தால் வரட்டும். வீடியோவுக்கு நான் சொல்ல நினைத்த பதில் கைபேசிக்குள் அடங்காது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

கொழும்பில் படித்தது, சிங்களம் விளங்காமல் முதல் வருடம் முழுக்கத் தலையாட்டியே ஒப்பேற்றியது, எலும்புகளின் பெயர்களை பஸ்ஸில் முணுமுணுத்துப் பக்கத்து சீட்டுக்காரியைப் பயப்படுத்தியது எல்லாம் எல்லோருக்கும் உள்ள கதைதான். நான் சும்மா இருக்கத் தெரியாத பிறவி. அடுப்பில் உலை கொதிக்கும்வரை நிற்கவும் எனக்குப் பொறுமை கிடையாது. அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய், காத்திருப்பதைத் தவிர வேறு வேலையே இல்லாத தொழிலில் போட்ட கடவுளை என்ன சொல்வது?

தோளும் முழங்கையும் காத்திருக்க வைத்தே ஆளைக் கொல்லும். காத்தான்குடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணர் ஒருவருக்கு, நானா என்றுதான் கூப்பிடுவேன், சீனி வருத்தம். அதோடு தோள் இறுகிவிட்டது. உறைந்த தோள் என்று சொல்வோமே, அது. மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்துச் சுருங்கிவிடும். முதலில் வலி, பிறகு இறுக்கம், பிறகு தானாகவே மெல்ல இளகல். வருடக் கணக்கிலும் இழுக்கும். "தொழுகையில தக்பீர் கட்டக் கை ஏறுதில்ல மிஸ். இழுத்து முறிச்சி விடுங்க, வாறது வரட்டும்" என்று கத்துவார். முறிக்கக் கூடாது நானா, சீனியைக் குறைங்க, ஊசி போட்டிருக்கு, கயிற்றுப் பயிற்சியை விடாமச் செய்யுங்க என்று நானும் கத்துவேன். இரண்டு பேரும் கத்திக் கத்தியே ஒரு வருடத்துக்கு மேல் போனது. கடைசியில் கை காதுவரை ஏறிய அன்று பெரிய சட்டி நிறையப் புரியாணி வந்தது.

ஏறாவூரில் தறி நெய்யும் ஒரு தாத்தாவுக்கு முழங்கையின் வெளிப்பக்கத்தில் வலி. தேநீர்க் கோப்பை தூக்கினாலும் சுரீர் என்கும். டெனிஸ் எல்போ என்று துண்டில் எழுதி அனுப்பியிருந்தார்கள். "நான் டெனிஸ் மட்டையக் கண்ணாலயும் கண்டதில்ல மிஸ், ஆரோட துண்டோ மாறி வந்திற்று" என்று சண்டைக்கு வந்துவிட்டார். தறியை ஒரேயடியாக நிறுத்த முடியாதென்று, முழங்கைக்குக் கீழே பட்டி கட்டி, தண்ணீர்ப் போத்தலைப் பிடித்து மணிக்கட்டை மெல்ல இறக்கும் பயிற்சி கொடுத்தேன். மூன்று மாதம் திட்டிக்கொண்டே செய்தார். சுகமானது.

இப்படித்தான் ஒவ்வொரு நாளும். ஆனால் இன்றுவரை என்னை நித்திரையில் எழுப்புகிற தோள் ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்லுமுன் எங்கள் சேரைச் சொல்ல வேண்டும்.

சேர் எலும்பு சத்திரசிகிச்சை நிபுணர், யாழ்ப்பாணத்துக்காரர். நோயாளி வந்தால் உடனே தொடமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். "சேட்டைக் கழட்டுங்கோ" என்பார். அவ்வளவுதான். எந்தக் கை பொத்தானைத் தேடுகிறது, எந்தக் கை முதலில் சேட்டிலிருந்து வெளியே வருகிறது, முகம் எந்த இடத்தில் சுருங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். உதவி செய்யப் போகிற தாதியைக் கண்ணாலேயே நிறுத்துவார். பிறகு நோயாளிக்குப் பின்னால் போய் நின்று இரண்டு தோள்களையும் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கை வைப்பார், அதுவும் முதலில் நல்ல தோளில். "நல்லது எப்பிடி இருக்கும் எண்டு தெரியாட்டிக் கெட்டதை என்னெண்டு பிடிக்கிறது?" என்பார். கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அவர் கிசுகிசுக்கத் தொடங்கினால் நாங்கள் கட்டிலுக்குப் பின்னால் ஒதுங்குவோம். என் கோபம் ஆஸ்பத்திரி வாசல்வரை கேட்கும் என்பது வேறு கதை.

யோகராசா வந்தது நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம். கொக்கட்டிச்சோலைப் பக்கம், வாவிக்கரைக் கிராமம். நாற்பது வயதிருக்கும். வீச்சுவலைக்காரர். வீச்சுவலையின் கயிற்றை மணிக்கட்டில் சுருக்குப் போட்டுக்கொண்டுதான் எறிவார்கள். அன்று வலை தண்ணீருக்கடியில் கிடந்த ஏதோ கட்டையில் சிக்கியிருக்கிறது. அதே நேரம் தோணி மறுபக்கம் இழுபட, கை பின்னுக்குப் போய்த் தோள்மூட்டு கழன்றுவிட்டது. கூட நின்ற மச்சான் தோணிக்குள்ளேயே அவரைக் கிடத்தி, கக்கத்தில் காலை ஊன்றி இழுத்திருக்கிறார். 'டொக்' என்று மூட்டு உள்ளே போய்விட்டது. வலி குறைந்ததும் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். மச்சானுக்கு அன்று ஊரில் வைத்தியர் பட்டமே கிடைத்ததாம்.

இரண்டு கிழமை கழித்து, கை தூக்க வரவில்லை என்று வந்தார்கள். யோகராசாவும் மனைவி செல்வியும், கூடவே அந்த மச்சானும்.

"கண்ண மூடுங்க. நான் தொடுறது தெரிஞ்சா ஓம் எண்டு சொல்லுங்க" என்றேன். பஞ்சால் இடது தோளைத் தொட்டேன். ஓம் என்றார். கொஞ்சம் கீழே தொட்டேன். ஓம். வலது தோளின் வெளிப்பக்கத்தைத் தொட்டேன். பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டே, "தொடத் தொடங்கிற்றீங்களா மிஸ்?" என்று கேட்டார். செல்வி என்னைப் பார்த்தாள். நான் பஞ்சைப் பார்த்தேன்.

தோளின் மேல் தொப்பிபோலக் கவிந்திருக்கும் பெரிய தசையை டெல்டொயிட் என்போம். அதற்கு உயிர் கொடுக்கும் நரம்பு மூட்டுக்குக் கீழாகச் சுற்றிவருகிறது. மூட்டு கழன்றபோது அது இழுபட்டுவிட்டது. மச்சான் முகம் கறுத்து நின்றதைக் கண்ட சேர், "அவரைக் குற்றம் சொல்ல ஏலாது. கழரேக்கையே இழுபட்டிருக்கும்" என்று சொன்னார். பெரும்பாலும் நரம்பு தானாகவே திரும்பும், பொறுத்துப் பார்ப்போம் என்றார்.

பொறுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு கிழமையும் வருவார். என் உள்ளங்கையை அந்தத் தசையில் விரித்து வைத்து, "முழங்கையப் பக்கத்தால வெளிய தள்ளுங்க" என்பேன். தசையில் உயிர் இருந்தால் கைக்குக் கீழே ஒரு சின்னத் துடிப்பாவது தெரியும். ஒன்றுமில்லை. தோளின் உருண்டை வற்றி, எலும்பு முனை தெரியத் தொடங்கியது. எனக்கு வீட்டிலும் இருப்புக் கொள்ளவில்லை. டிவி பார்க்கும்போது என் தோளை நானே பிடித்துக்கொண்டிருப்பேன்.

மூன்று மாதம் ஆகும்போது ஒருநாள் யோகராசா சிரித்துக்கொண்டே வந்தார். "மிஸ், பாருங்க!" என்றார். கை தோள் உயரத்துக்கு ஏறியது! பக்கத்தில் நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். செல்வி ஒரு பை நிறைய வாவி நண்டு கொண்டுவந்திருந்தாள். "உங்கட கைராசிதான் மிஸ்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எனக்கும் கைதட்ட ஆசைதான். ஆனால் உள்ளங்கையை வைத்துவிட்டு, "இன்னொருக்காத் தூக்குங்க" என்றேன். கை ஏறியது. என் கைக்குக் கீழே தசை பிசைந்து வைத்த மா மாதிரியே கிடந்தது.

சேரைக் கூப்பிட்டேன். சேட்டைக் கழட்டச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தார். பிறகு யோகராசாவைக் குனியவைத்து, இரண்டு கைகளையும் பின்னுக்கு உயர்த்தச் சொன்னார். இடது கை வால்போல நிமிர்ந்து நின்றது. வலது கை பாதியில் விழுந்துவிட்டது. அவர் குரல் தாழ்ந்தது, ஆனால் அது கோபத்தால் அல்ல.

"யோகராசா, நீங்கள் கெட்டிக்காரன். அதுதான் கரைச்சல்" என்றார்.

வலை எறிகிறவன் கையால் எறிவதில்லை. கால் பெருவிரலில் தொடங்கி, இடுப்பைத் திருப்பி, முதுகைச் சுழற்றி எறிகிறான். யோகராசாவின் உடம்பு அந்த வித்தையை இங்கேயும் காட்டிவிட்டது. இடுப்பு கொஞ்சம் சரிந்தது, தோள்பட்டை எலும்பு உருண்டது, உள்ளேயிருக்கும் சின்னத் தசை ஒன்று தன் பங்குக்குப் பிடித்துக்கொண்டது. கை ஏறிவிட்டது. பெரிய தசையோ நல்ல நித்திரை.

சேர் உட்கார்ந்து ஆறுதலாகச் சொன்னார். கொழும்பில் நரம்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும். நரம்பு திரும்பவில்லை என்றால் அங்கே ஒரு சத்திரசிகிச்சை செய்வார்கள். முழங்கையை நீட்டும் தசைக்குப் போகிற நரம்புக் கிளைகளில் ஒன்றை எடுத்து, தோள் தசையின் நரம்போடு இணைப்பார்கள். பிறகு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் ஆறு மாதத்துக்குள் செய்தால்தான் நல்லது. பிந்தினால் தசையே சுருங்கிக் கெட்டுவிடும், பிறகு நரம்பு வந்தும் பலனில்லை.

"தூக்கிற கைய வெட்டச் சொல்றீங்களா?" என்று யோகராசா கேட்டார். சேரை அல்ல, என்னை. சேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். நண்டுப் பை என் மேசையில் நெளிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வரவில்லை. தொலைபேசி எடுத்தால் செல்வி, "அவர் வாவிக்குப் போயிற்றார் மிஸ்" என்பாள். அடுத்த கிழமையும் அதே பதில். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். இங்கே ஆறிக்கொண்டிருந்தது ஒரு மனிதனின் கை. பிரிவில் எனக்குப் பிரியாவிடைக்குக் கேக் எந்த நிறத்தில் செய்வது என்று பிள்ளைகள் வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. சேரிடம் போய், "நாம என்ன சேர், பாத்துக்கொண்டே இருக்கிறதா?" என்று சத்தம் போட்டேன். "அவற்ற கை, அவற்ற முடிவு. நீங்கள் போய்க் கதைக்கிறதை நான் மறிக்கயில்லை" என்றார்.

ஒரு ஞாயிறு பின்னேரம் கல்லடியிலிருந்து ஸ்கூட்டியை எடுத்தேன். ஆரையம்பதிக்குப் போய், மண்முனைப் பாலத்தால் திரும்பி, வயல்களுக்குள்ளால் அந்தக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கரையில் நாலைந்து பேர் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். யோகராசா என்னைக் கண்டதும், வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வலையை எடுத்தார்.

"பாருங்க மிஸ்" என்றார்.

முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, வலையின் ஒரு ஓரத்தைப் பல்லில் கவ்வி, இடுப்பைத் திருப்பி எறிந்தார். வலை வட்டமாக விரிந்து விழுந்தது. கரையில் இருந்தவர்கள் "ஆ!" என்றார்கள். மச்சான் விசிலே அடித்தார். யோகராசா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஐயோ!  உண்மையிலேயே அழகான வட்டம்.

ஆனால் நானும் லேசுப்பட்டவள் இல்லை. "இன்னொருக்கா எறியுங்க" என்றேன்.

எறிந்தார். விரிந்தது. "இன்னொருக்கா." விரிந்தது, ஆனால் ஒரு பக்கம் சுருங்கியது. "இன்னும் எறியுங்க." அவருக்கு வியர்த்தது. செல்வி, "போதும் மிஸ், பாவம்" என்றாள். "நீ பேசாம நில்லு புள்ள" என்று அவள் மேலும் பாய்ந்தேன். பனையால விழுந்தவனை மாடேறி மிதிச்ச மாதிரி நான் நடந்துகொள்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. நிறுத்தவில்லை. ஒரு நாள் தொழிலில் எத்தனை தரம் எறியவேண்டும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அடுத்ததும் அதற்கடுத்ததும் எறிந்தார். கடைசியில் கை பாதிக்கு மேல் ஏறாமல், வலை ஒரு பொட்டலமாக அவர் காலடியிலேயே விழுந்தது.

 மச்சான் போய்த் தண்ணீருக்குள்ளிருந்து வலையை இழுத்தெடுத்தார். யோகராசா கரையில் வந்து குந்தினார்.

"எனக்கு முதலே தெரியும் மிஸ்" என்றார். "ரெண்டு மூண்டு எறிஞ்சாச் செத்துப்போகும் கை. இவளுக்குத்தான் சொல்லல்ல."

"அப்ப ஏன் போகமாட்டன் எண்டு நிக்கிறீங்க?"

"முழங்கைக்குப் போற நரம்பத்தானே எடுக்கப் போறாங்க? எடுத்து அதுவும் சரிவரல்ல எண்டா? இருக்கிற முழங்கையும் போச்செண்டா நான் தோணி தள்ளவும் ஏலாது. ரெண்டு பொம்புளப் புள்ளையள் மிஸ்."

இதை அவர் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தால் நாங்கள் இத்தனை கிழமையைத் தொலைத்திருக்க மாட்டோம். ஆனால் அங்கே இதைச் சொல்ல யார் இடம் கொடுத்தார்கள்? நாங்கள் நரம்பைப் பற்றித்தான் கதைத்தோம். அவர் பக்கத்தில் மண்ணில் இருந்தேன். முழங்கையை நீட்டும் தசைக்கு வேறு கிளைகளும் இருக்கின்றன, ஒன்றை எடுத்தால் அது செத்துவிடாது என்று ஒரு ஈர்க்கை எடுத்து மண்ணில் கீறிக் காட்டினேன். "தோள் கட்டாயம் திரும்பும் எண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன். சும்மா விட்டா இப்பிடியேதான் கிடக்கும். அதுக்குச் சத்தியம் பண்ணுவன்" என்றேன்.

நான் கீறிய கோட்டின் மேல் விரலை ஒருதரம் ஓட்டினார். "நீங்க பென்ஷன் போறீங்களாமே. மறுகா ஆர் பாக்கிறது?"

"நான்தான் பாக்கிறது. வேற என்ன வேலை கிடக்கு எனக்கு?"

போனார். கொழும்பில் செய்த நரம்புச் சோதனை சேர் சொன்னதையே சொன்னது. ஆறு மாதம் முடிய முந்தியே சத்திரசிகிச்சை நடந்தது. அந்தக் கிழமையேதான் பிரிவில் எனக்குக் கேக் வெட்டினார்கள். என்ன நிறம் என்று இப்போது ஞாபகமில்லை.

இனி வந்தது நான் பட்ட காத்திருப்புகளிலேயே கொடியது. தோள் தசைக்கு இப்போது முழங்கையின் நரம்பு. ஆகவே தோளை எழுப்ப வேண்டுமென்றால் முழங்கைக்குத்தான் கட்டளை கொடுக்க வேண்டும். முழங்கையை நீட்டி எதையாவது தள்ளினால், நரம்பு போய்ச் சேர்ந்திருக்கும் பட்சத்தில் தோள் துடிக்கும். காயம் ஆறி, கட்டுக் கழற்றியபின் இந்தத் தள்ளலைப் பழக்கினேன். பிரிவுக்கும் ஒழுங்காகப் போனார். ஞாயிறுகளில் நான் அவர் வீட்டுக்குப் போவேன். உள்ளங்கையை வைப்பேன். தள்ளுங்க என்பேன். ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறும் ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது பாலத்தில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, ஒருவரும் இல்லாத இடத்தில் வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன், யாரை என்று கேட்காதீர்கள். முழங்கைப் பலம் மட்டும் குறையவில்லை. அந்த ஒரு பயமாவது போனது.

எனக்குக் காய்ச்சல் வந்து போக முடியாத கிழமைக்காகச் செல்விக்கும் பழக்கிவிட்டிருந்தேன். முதலில் கிட்ட வரவே மறுத்தாள். அந்த வற்றிய தோளைத் தொட அவளுக்குப் பயம். கழன்ற நாளிலிருந்து அந்தப் பக்கம் படுப்பதும் இல்லையாம். அவள் கையைப் பிடித்து இழுத்து, விரல்களை விரித்து வைத்தேன். "இஞ்ச. இவடத்தில. அமத்தாம, சும்மா வைங்க."

ஒரு திங்கட்கிழமை காலை அழைப்பு வந்தது. செல்விதான். குரல் களவெடுக்கிறவள் குரல்போல அடங்கியிருந்தது.

"மிஸ், கிடக்கு."

"என்ன கிடக்கு?"

"கைக்க. கம்பூண்டித் தோணி தள்ளக்குள்ள, பின்னால இருந்து சும்மா கைய வச்சன். வலைக்க இறால் துடிக்கிற மாதிரி மிஸ். ஒவ்வொரு தள்ளலுக்கும் கிடக்கு."

நம்பவில்லை. எத்தனை பேருக்குத் தங்கள் விரலின் நாடித்துடிப்பே அப்படி விளையாட்டுக் காட்டியிருக்கிறது! ஆனால் அடுப்பை அணைத்தேனா என்று என் கணவரைப் பார்க்கச் சொல்லிக்கொண்டே ஸ்கூட்டியில் ஏறியிருந்தேன். அன்றைக்கென்று வழியெல்லாம் மாடு. திட்டிக்கொண்டே போனேன்.

கரையில் இழுத்து வைத்திருந்த தோணியின் விளிம்பில் யோகராசா உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஆட்கள் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் செல்வி, அவருடைய வலது தோளில் உள்ளங்கையை விரித்தபடியே இருந்தாள்.

"மிஸ், முதல்ல இவளக் கைய எடுக்கச் சொல்லுங்க" என்றார் யோகராசா. "காலத்தால இருந்து இப்பிடியேதான் இருக்காள். என்னச் சோறு தின்னவும் விடுறாளில்ல."

"எடுத்தாப் போயிருமோ எண்டு பயம் மிஸ்" என்றாள் செல்வி. கண் கலங்கிச் சிவந்திருந்தது.

"நான் வச்சுக்கொள்றன். நீ எடு" என்றேன். அவள் விரல் விரலாக எடுத்தாள். அந்த இடம் சூடாக, வியர்த்திருந்தது. என் கையை வைத்தேன். மச்சான் முன்னால் வந்து நின்று, யோகராசாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தள்ளுங்க."

தள்ளினார். துடித்தது. மிகச் சின்னதாக, ஆனால் சந்தேகமே இல்லாமல், தசையின் நடுவிலிருந்து.

"இன்னொருக்கா" என்றேன். துடித்தது. "இன்னொருக்கா." துடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது? ஆட்களெல்லாம் பார்க்கத்தான் அழுதேன். இன்னொருக்கா, இன்னொருக்கா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

யோகராசா கழுத்தைத் திருப்பி, தோளில் இருந்த என் கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மிஸ்," என்றார், "இனி நீங்களுமா?"